இயக்குநர் சம்பளத்துக்குள் இசையும் அடக்கமா?

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு,

சமீபத்தில் ஒரு தயாரிப்பு நிறுவனத்திலிருந்து என் இரண்டாவது படத்துக்கான ஒப்பந்தம் வந்தது. கதை அவர்களுக்குப் பிடித்திருந்தது. நாயகனாக நடிக்க இருந்தவர் தேதி பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். லொகேஷன் பார்க்கப் போகலாமா என்று கேட்கும் அளவுக்கு வேலை நகர்ந்திருந்தது. ஒப்பந்தத்தின் நடுப்பக்கத்தில் ஒரு பிரிவு: இயக்குநருக்குத் தரப்படும் சம்பளத்தில் பாடல்கள், பின்னணி இசை, புரோகிராமிங், மிக்ஸிங் எல்லாம் அடக்கம்; இவற்றின் மீதான அத்தனை உரிமைகளும், இனி வரக்கூடிய ராயல்டி உட்பட, நிறுவனத்துக்கே சேரும்.

அந்தப் பிரிவை எடுத்துவிடச் சொன்னேன். இந்தப் படத்துக்கு வேறொருவர் இசையமைக்கட்டும் என்றும் சொன்னேன். பதில் கடிதமாக வரவில்லை. மேனேஜர் போனில் கூப்பிட்டார். “மியூசிக்கும் சேர்த்துத்தான் சார் உங்களை முடிவு பண்ணாங்க. அது இல்லேன்னா டைரக்டருக்கா பஞ்சம்னு கேக்குறாங்க.” அத்தோடு படம் நின்றது.

அந்த நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது இரண்டு பேருக்கு இடையிலான தகராறாகச் சுருங்கிவிடும். இதே பிரிவை வேறு நிறுவனங்களின் ஒப்பந்தங்களிலும் பார்த்திருக்கிறேன். என்னைப் போல இசைத் துறையிலிருந்து இயக்கத்துக்கு வந்த நண்பர்களிடமும் இதே பேச்சு வேறு வேறு குரல்களில் பேசப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் எங்கிருந்து வந்தவன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். சாலிகிராமத்திலும் வடபழனியிலும் மாடி அறைகளில் இயங்கும் ஸ்டுடியோக்களில் பல வருடங்கள் மியூசிக் புரொடியூசராக இருந்தேன். சினிமாவில் எங்களை ‘புரோகிராமர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இசையமைப்பாளர் காரில் போகும்போது முணுமுணுத்த மெட்டு வாய்ஸ் நோட்டாக வரும். அதற்கு கார்ட்ஸ், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள் பிடித்து, ரிதம் அமைத்து, பேஸ் போட்டு, எந்தச் சத்தம் எங்கே வர வேண்டும் என்று தேடித் தேடி வைத்து, ஒரு டிராக் பாடகரை வைத்துப் பாட்டாகத் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. படம் முடிந்து ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை சேர்க்கும் வேலை வரும்போது ரீல் ரீலாக உட்கார்ந்து, கதாநாயகி கதவைத் திறக்கும் அந்த ஃபிரேமில் வயலின் நுழைகிறதா என்று பார்ப்பதும் நாங்கள்தான். பிறகு டைட்டில் கார்டில் எங்கள் பெயர் வரும், சில சமயம். ஸ்ட்ரீமிங் தளங்களில் பாட்டைத் தட்டினால் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் தெரிவார்கள். எங்களைத் தேட வேண்டும். இதில் ஏ.ஆர். ரஹ்மானைத் தனியாகச் சொல்ல வேண்டும். தன் ஆல்பங்களில் வாசித்தவர்கள், புரோகிராம் செய்தவர்கள், பதிவு செய்தவர்கள் என்று எல்லோரின் பெயரையும் அச்சில் போட்டு ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். மற்றவர்கள் அதை அவ்வளவாகப் பின்பற்றவில்லை என்பது வேறு கதை.

இந்த வேலையிலிருந்து ஒருவர் ஏன் படம் இயக்க வருகிறார் என்று கதை கேட்கும்போதெல்லாம் நீங்கள் கேட்கிறீர்கள். “மியூசிக்லேயே நல்லாப் போய்க்கிட்டு இருக்கே, எதுக்கு சார்?” அக்கறையோடுதான் கேட்கிறீர்கள். ஆர்.ஆர். அறையில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவனுக்கு அந்தக் காட்சி எங்கே பொய் சொல்கிறது என்பது தெரிந்துவிடும். நடிப்பு ஒட்டாத இடத்தில்தான் “இங்க கொஞ்சம் ஸ்ட்ரிங்ஸ் ஏத்துங்க” என்ற குறிப்பு வரும். எழுத்தில் விழுந்த ஓட்டையை மூட எங்களைக் கூப்பிடுவார்கள். பல படங்களில் அப்படி மூடிய பிறகு, ஓட்டை விழாமல் எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. இன்னொன்றும் உண்டு. பயந்துபோன புதுப் பாடகரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, அவர் குரல் இறுகாமல் அடுத்த டேக் வாங்கப் பழகியவனுக்கு, கேமராவுக்கு முன் நிற்கும் புது நடிகரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது பாதி தெரியும். மீதியைப் படப்பிடிப்பில்தான் கற்க வேண்டும். கற்றேன்.

சரி, இப்போது ஒப்பந்தத்துக்கு வருகிறேன். உங்களில் பலர் இந்தப் பிரிவை வழக்கமான ஒன்றாக நினைத்துக் கையெழுத்துக்கு அனுப்புகிறீர்கள். ஆனால் அதில் பாதி சட்டப்படி செல்லாது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு ஜூன் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. படத்தில் இடம்பெறும் இசைக்கும் எழுத்துக்கும் உரிய படைப்பாளர், தன் பதிப்புரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுத்தாலும் ராயல்டி பெறும் உரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. விட்டுக் கொடுக்கவும் முடியாது. தன் வாரிசுகளுக்கோ, பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பதற்கு இது பொருந்தாது. மற்ற எந்த வடிவத்தில் பயன்பட்டாலும், வரும் ராயல்டியில் படைப்பாளருக்குச் சம பங்கு. இதற்கு மாறாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்று அந்தத் திருத்தமே சொல்கிறது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் போராடி வாங்கிய உரிமை இது. 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கம் இன்று இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் அந்தப் பணத்தை வசூலித்துப் பகிர்ந்து கொடுக்கிறது.

‘எதிர்கால ராயல்டி உட்பட’ என்று உங்கள் வக்கீல் சேர்க்கும் மூன்று சொற்களுக்கு நீதிமன்றத்தில் பலம் கிடையாது. பிறகு ஏன் அதை எழுதுகிறீர்கள்? வழக்குப் போட மாட்டான் என்ற நம்பிக்கைதான். வழக்குப் போட்டால் அடுத்த படம் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும்.

இதே சட்டத்தில், என் நிலைமையில் இருப்பவருக்கு மட்டும் உறைக்கும் இன்னொரு விஷயம் இருக்கிறது. இசைப் படைப்புக்குப் படைப்பாளர் இசையமைப்பாளர். ஒலிப்பதிவுக்குப் படைப்பாளர் அதைத் தயாரித்தவர், அதாவது முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர். திரைப்படத்துக்கும் அப்படியே. இந்த வரையறையில் புரோகிராமர் எங்கே? எங்கும் இல்லை. இயக்குநர் எங்கே? அவரும் இல்லை. திரைக்கதையை எழுதியிருந்தால் எழுத்தாளர் என்ற முறையில் அவருக்குப் பங்கு உண்டு. இயக்கியதற்கு எதுவும் கிடையாது. பிரிட்டனில் தயாரிப்பாளரும் முதன்மை இயக்குநரும் சேர்ந்தே படத்தின் படைப்பாளர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் முதன்மை இயக்குநரைப் படைப்பாளர்களில் ஒருவராக ஏற்றே ஆக வேண்டும். இங்கே சட்டத்தில் அப்படி இல்லை.

ஆக, நான் புரோகிராமராக இருந்தபோது செய்ததற்கும் சட்டத்தில் உரிமை இல்லை, இயக்குநராகச் செய்வதற்கும் இல்லை. எழுத்தை விட்டால், இரண்டுக்கும் நடுவே இசையமைப்பாளர் என்ற ஒரே ஒரு நாற்காலியில் மட்டும் சட்டம் எனக்கு ஏதோ தருகிறது. நீங்கள் அனுப்பும் பிரிவு சரியாக அந்த நாற்காலியைத்தான் உருவுகிறது. இதைத் திட்டமிட்டுச் செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. விளைவு அதுதான் என்கிறேன்.

பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவோம். இந்த ஏற்பாடு படத்தையே கெடுக்கிறது. என் முதல் படத்தில் அதை நேராகவே அனுபவித்தேன்.

அது ஃபர்ஸ்ட் காப்பி முறையில் எடுத்த படம். ஒரு தொகை கொடுத்துவிடுவார்கள். அதற்குள் படத்தை முடித்துக் கையில் கொடுக்க வேண்டும். இசை என் பொறுப்பு என்பது பேசும்போதே முடிவாகிவிட்டது. வேறு வழி பேச்சிலேயே இல்லை. வெளியிலிருந்து ஒரு இசையமைப்பாளரை அமர்த்தினால், எடிட் முடிந்து, இனி வெட்டு மாறாது என்று பிக்சர் லாக் ஆன பிறகு அவருக்கென்று சில வாரங்களாவது ஒதுக்குவார்கள். எனக்கு அது இல்லை. “நீங்கதானே சார், எடிட் பண்ணும்போதே போட்டுக்கிட்டே வந்துடலாமே.” கேட்க நியாயம் போலத்தான் தெரியும். நடந்தது வேறு. காலையில் எடிட் சூட்டில் ஒரு காட்சியில் அரை விநாடி வெட்டினால், முந்தைய இரவு அந்தக் காட்சிக்கு அமைத்த இசை மொத்தமும் இடம் மாறிவிடும். விநாடிக்கு 24 ஃபிரேம். அதில் 12 போனால் தாளம் விழ வேண்டிய இடத்தில் விழாது. மறுபடி அமைப்பேன். மறுபடி வெட்டுவார்கள். ஒரு கட்டத்தில், இசையை மாற்ற நேரமில்லை என்பதற்காகக் காட்சியை வெட்டாமல் விட்டோம். இசைக்காகப் படம் நீண்டது. இயக்குநராகிய எனக்குக் கிடைக்க வேண்டிய எடிட் எனக்குக் கிடைக்கவில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒரு படத்தை முதன்முதலாக வெளியாள் கண்ணோடு பார்ப்பவர் பெரும்பாலும் இசையமைப்பாளர்தான். படப்பிடிப்பில் பட்ட கஷ்டம் அவருக்குத் தெரியாது. மலை உச்சியில் மழையில் எடுத்த ஷாட் என்றெல்லாம் அவரிடம் பரிதாபம் தேட முடியாது. “இந்த சீனுக்கு மியூசிக் வேணாம், சீனே வேணாம்” என்று அவர் சொல்வார். நான் புரோகிராமராக இருந்த காலத்தில் இப்படிச் சொல்லிப் படத்தைக் காப்பாற்றிய இசையமைப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். என் படத்தில் அந்தக் குரல் இல்லை. இருவரும் ஒருவராக இருக்க முடியாது என்பதில்லை. சத்யஜித் ராய் 1961இலிருந்து தன் படங்களுக்குத் தானே இசையமைத்தார். விஷால் பரத்வாஜ் இசையமைப்பாளராக வந்து இயக்குநரானவர், ‘ஹைதர்’ படத்தை இயக்கியதோடு அதன் பாடல்களுக்குத் தேசிய விருதும் வாங்கினார். ஆனால் அப்படிச் செய்ய, இயக்குநர் வேடத்தைக் கழற்றிவிட்டு இசையமைப்பாளராக உட்கார நாட்கள் வேண்டும். ஒரே சம்பளத்துக்குள் இரண்டையும் அடைக்கும்போது அந்த நாட்கள்தான் முதலில் காணாமல் போகின்றன.

அடுத்தது ஃபைனல் மிக்ஸ், அதாவது படத்தின் எல்லா ஒலிகளையும் கடைசியாகக் கலப்பது. இங்கேதான் என் பொறுமை முழுவதும் போனது. “நீங்களே சவுண்டு ஆளு. ஹெட்ஃபோன் போட்டு ரூம்லயே முடிச்சிடலாமே, எதுக்கு அங்க போய் வாடகை கட்டணும்?” என்று மிக்ஸிங் தியேட்டருக்கான நாட்களைக் குறைத்தார்கள். தயாரிப்பாளர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திரையரங்கில் வசனம் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அந்தத் திரையில் பொடித் துளைகள் இருக்கும். சத்தம் அவற்றின் வழியாகத்தான் வெளியே வரும். மிக்ஸிங் தியேட்டர் என்பது அதே அமைப்பை, அதே தூரத்தை, 85 டெசிபல் என்ற ஒரே அளவுக்கு ஒலியைச் சீர்செய்து வைத்திருக்கும் அறை. அங்கே உட்கார்ந்து கலக்கும்போதுதான், நல்ல முறையில் பராமரிக்கப்படும் எந்தத் தியேட்டரிலும் படம் ஏறத்தாழ அப்படியே ஒலிக்கும் என்ற உத்தரவாதம் கிடைக்கிறது. என் அறையில் ஸ்பீக்கர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே தெளிவாகக் கேட்கும் முணுமுணுப்பு, பெரிய அரங்கில் எதிரொலியிலும் ஏசி இரைச்சலிலும் கரைந்துவிடும். பாட்டை என் அறையிலேயே மிக்ஸ் செய்யலாம், செய்திருக்கிறேன். வசனம், ஃபோலி (காலடி போன்ற சத்தங்கள்), எஃபெக்ட்ஸ், இசை நான்கும் மோதும் ஒரு முழுப் படத்தை அங்கே முடிக்க முடியாது. சவுண்டு தெரிந்தவன் என்பதால்தான் அந்த அறை வேண்டும் என்று கேட்டேன். சவுண்டு தெரிந்தவன் என்பதையே அதை மறுக்கக் காரணமாக்கினார்கள்.

படம் வெளியான அன்று தியேட்டரில் பின்வரிசையில் இருந்தேன். அம்மா மகனிடம் உண்மையைச் சொல்லும் காட்சி; வெளியே லாரி போகிறது. பக்கத்தில் இருந்த பெண் கணவரிடம் “என்ன சொன்னா?” என்று கேட்டார். “தெரியலையே” என்றார் அவர். கதை மொத்தமும் அந்த ஒரு வசனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் ஒரு விமர்சனத்தில், இசைத் துறையிலிருந்து வந்தவர் இயக்கிய படத்தில் வசனமே கேட்கவில்லை என்று கிண்டலாக எழுதியிருந்தார்கள். எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

வீடு கட்டும் கொத்தனாருக்குத் தச்சு வேலையும் தெரியும் என்றால் கதவு ஜன்னலை அவரிடம் இலவசமாகக் கேட்பீர்களா? அதையும் கேட்டு, மரம் வாங்கப் பணமும் தர மாட்டேன் என்பீர்களா?

இப்போது நின்றுபோன படத்தைப் பற்றி. நீதிமன்ற வாசலில் டைப் அடித்துப் பிழைக்கும் ஒருவரின் கதை அது. பாட்டுக்கு இடமில்லை. பின்னணி இசையும் மிகக் குறைவு. அந்தக் குறைவான இசையையும், என் பழக்கங்கள் எதுவும் இல்லாத ஒருவர் அமைக்க வேண்டும் என்று விரும்பினேன். அந்த நிறுவனமோ ஆடியோ கம்பெனியிடம் நான்கு பாடல்கள் என்று ஏற்கெனவே பேசியிருந்தது. என்னை வைத்துப் படம் எடுக்க முடிவு செய்தபோது அவர்கள் வாங்கியது என் கதையை அல்ல, நான்கு பாடல்களை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இன்னொரு அலுவலகத்தில் இதை மறைக்கக்கூட முயலவில்லை. “ஒரு பாட்டு போட்டு ரிலீஸ் பண்ணுவோம். வியூஸ் ஏறினா கதை கேட்போம்” என்றார்கள்.

தமிழ் சினிமாவுக்கு இசைக்காரர் இயக்குநராவது புதிதில்லை என்பதால்தான் இது இன்னும் வலிக்கிறது. வீணை எஸ். பாலசந்தரை நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டின் மிகப் பெரிய வீணைக் கலைஞர்களில் ஒருவர். படத்துக்கு இசையமைத்தவர், நடித்தவர், இயக்கியவர். பாட்டு இல்லாமல் படமே ஓடாது என்று எல்லோரும் நம்பிய 1954இல், அவர் இயக்கிய ‘அந்த நாள்’ ஒரு பாட்டுக்கூட இல்லாமல் வந்தது. தயாரித்தது ஏவி.எம். அப்படிப்பட்ட இசைக் கலைஞர் கையில் இருந்தும், ‘வீணையில் ரெண்டு பாட்டாவது போடுங்க’ என்று பிடிவாதம் பிடிக்காமல் மெய்யப்பச் செட்டியார் அந்தப் படத்தை எடுக்க விட்டார். எழுபது வருடங்கள் கடந்தும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

கங்கை அமரன், தன் அண்ணன் இளையராஜாவின் குழுவில் கிடார் வாசித்தவர், பாட்டெழுதியவர், தானே பல படங்களுக்கு இசையமைத்தவர். ‘கரகாட்டக்காரன்’ அவர் இயக்கிய படம். இசை இளையராஜா. இயக்குநருக்கே இசையமைக்கத் தெரியுமே, இன்னொருவருக்கு எதற்குத் தனிச் சம்பளம் என்று அன்றைக்கு யாராவது கணக்குப் போட்டிருந்தால் 1989இன் அந்தப் பெரிய வெற்றி எப்படி இருந்திருக்கும்? விஜய் ஆண்டனி, ஹிப்ஹாப் ஆதி ஆகியோரும் இசையிலிருந்து வந்து படம் இயக்கி, தங்கள் படங்களுக்குத் தாங்களே இசையும் அமைத்தவர்கள். ஆனால் அவர்கள் இருவரும் அதற்குள் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள். பேரம் பேசும் பலம் அவர்களிடம் இருந்தது. பெயர் தெரியாத புரோகிராமர் அறையிலிருந்து வருபவனிடம் அது இல்லை. அவர்கள் விரும்பிச் செய்ததை நீங்கள் எங்களுக்கு நிபந்தனை ஆக்குகிறீர்கள்.

உங்கள் பக்கத்தையும் நான் அறியாதவன் இல்லை. சின்னப் படத்துக்குத் தியேட்டர் கிடைப்பதே பாடு. ஓடிடி விலை முன்பு போல் இல்லை. வாங்குவார்களா என்பதே படம் முடிந்த பிறகுதான் தெரிகிறது. வட்டிக்கு வாங்கிப் படம் எடுக்கிறவர்கள் உங்களில் பலர். ஆடியோ உரிமையில் வரும் முன்பணம்தான் சில சமயம் முதல் ஷெட்யூலையே நடத்துகிறது. அப்படியிருக்க, இரண்டு வேலை தெரிந்த ஒருவர் கிடைத்தால் ஒரு சம்பளத்தை மிச்சப்படுத்தலாம் என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. மிச்சப்படுத்த வேண்டும் என்றால் அதை வெளிப்படையாகப் பேசலாம். நான் குறைந்த சம்பளத்துக்கு இயக்கத் தயாராக இருந்தேன். அதையும் மேனேஜரிடம் சொன்னேன். புது இசையமைப்பாளர் ஒருவரை நியாயமான தொகைக்குக் கொண்டுவருகிறேன் என்றும் சொன்னேன். இரண்டும் எடுபடவில்லை. ஆகவே இதைப் பணத் தட்டுப்பாடு என்று மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இசை ஆள் இயக்கினால் இசை சும்மா வரும் என்ற எண்ணம் உங்களுக்குள் ஊறிவிட்டது.

ஒரு காலத்தில் இந்த ஊரில் படத்துக்கு வாசித்தவர்களின் கூலியும் இப்படித்தான், கொடுக்கிறவர் மனதைப் பொறுத்து இருந்தது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார். வாசிப்பவருக்குக் கால்ஷீட்டும் அதற்கொரு கூலியும் உறுதியாயின. அன்றும் படச் செலவு கூடிவிடும் என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். கணினி வந்த பிறகு பல வாத்தியங்களின் வேலை ஒரே புரோகிராமரின் மேசைக்கு வந்துவிட்டது. அந்தக் கூலி ஒழுங்கு மட்டும் கூடவே வரவில்லை. இப்போது அந்த மேசைக்காரர் இயக்குநராகும்போது, ஒழுங்கில்லாத அந்தப் பழக்கமும் அவர் பின்னாலேயே வந்து படப்பிடிப்புத் தளத்தில் நிற்கிறது.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

இயக்கத்துக்கு ஒரு ஒப்பந்தம், இசைக்கு ஒரு ஒப்பந்தம் என்று பிரித்துக் கொடுங்கள். இரண்டையும் ஒருவரே செய்தாலும் இரண்டு தொகைகள் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். இசையமைக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை இயக்குநருக்கு இருக்க வேண்டும். அதைச் சொன்னதற்காகப் படத்தை நிறுத்தக் கூடாது.

ராயல்டியை விட்டுத்தரச் சொல்லும் வரியை உங்கள் ஒப்பந்தங்களிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். சட்டப்படி நிற்காத ஒன்றைப் புதியவர்களிடம் கையெழுத்து வாங்குவதற்காக வைத்திருப்பது உங்களுக்கு அழகில்லை. ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களில் அந்த வரி இருந்தால், அதைப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். படம் வெளியாகும்போது பாடல்களும் பின்னணி இசையும் யாருடையவை என்ற பட்டியலைச் சரியான பெயர்களோடு ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் சேருங்கள்.

ஃபைனல் மிக்ஸுக்கான நாட்களைப் பட்ஜெட்டில் தனி வரியாக எழுதுங்கள். கேமரா வாடகையை எப்படி நடுவில் கை வைக்காமல் விடுகிறீர்களோ, அதுபோல இதையும் விடுங்கள். இயக்குநர் எந்தத் துறையிலிருந்து வந்தவர் என்பதைப் பார்த்து அந்த நாட்களைக் குறைக்காதீர்கள்.

புரோகிராமர், அரேஞ்சர், மிக்ஸிங் இன்ஜினியர் பெயர்களை டைட்டில் கார்டில் மட்டும் போட்டு நிறுத்தாமல், ஆடியோ கம்பெனிக்கு அனுப்பும் விவரங்களிலும் சேருங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

தயாரிப்பாளர் அமைப்புகளின் பொறுப்பில் இருப்பவர்கள், இயக்குநர்கள் சங்கத்தையும் இசைக்கலைஞர்கள் சங்கத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, இரண்டு வேலையும் செய்பவருக்கான ஒரு மாதிரி ஒப்பந்தத்தை எழுதித் தமிழிலேயே வெளியிடுங்கள். புதிதாக வருபவர் வக்கீல் வைக்க வசதியில்லாமலும் அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, எனக்கு ஒப்பந்தம் அனுப்பிய நிறுவனத்துக்கு. பைண்டு செய்த என் முழு ஸ்கிரிப்டும், கதை சொல்லும்போது நான் போட்டுக் காட்டிய டெமோ இசையும் இன்னும் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. ஸ்கிரிப்டைத் திருப்பி அனுப்புங்கள். டெமோக்களை அழித்துவிட்டோம், யாருக்கும் அனுப்பவில்லை என்று எழுத்தில் தாருங்கள். போனில் சொன்னால் போதாது.

இப்படிக்கு,
மியூசிக் புரொடியூசராக இருந்து ஒரு படம் இயக்கியவன்